முன்பக்கத்து ஒயர்கள்

மத்தியானத்துக்குள் இன்ஜின் ஒழுங்காக ஓடினால் விமானம் பறந்து போகும். இல்லாவிட்டால் இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டியதுதான். விலைக்கு வாங்கியவர் சொன்ன நிபந்தனை அவ்வளவே. சொன்னதோடு நில்லாமல் லாரியையும் அனுப்பிவிட்டார். அது விடிந்ததுமே வந்து கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் நிழல் பார்த்துத் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

ஏணிமேல் நின்று முன்பக்கத்து ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தவரை எல்லோரும் கொடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி பயிருக்கு மருந்தடிக்கும் விமானம் ஓட்டியவர். எந்த வரிசையில் மருந்து விழ வேண்டும் என்று காட்ட வயலின் கோடியில் ஓர் ஆள் கொடி பிடித்து நிற்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஆள் கிடைக்கவில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் நிற்கிறேன் என்று போனார். அந்த ஒரு வாரம் முடிய இருபது வருஷம் பிடித்தது.

இப்போது விமானத்துக்கும் வயதாகிவிட்டது, ஓட்டியவருக்கும் முழங்கால் மடங்க மறுக்கிறது. கொட்டகை இருந்த நிலமும் கைமாறிவிட்டது. விற்பதற்கு அந்த அம்மாள் மறுப்புச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ரெக்கையைக் கழட்டி, கட்டிப்போட்டு எடுத்துட்டுப் போறதை என்னால நின்னு பாக்க முடியாதுங்க. நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்." அதற்குப் பிறகு கொடிக்காரருக்குத் தூக்கம் ஏது?

கோளாறு ஒயரில்தான். ரப்பர் உறை சருகாகக் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி பாதி வழியிலேயே கசிந்துவிட, இன்ஜின் இருமிக்கொண்டே இருந்தது. விமானத்துக்குப் 'பெரியம்மா' என்று பெயர் வைத்ததே இந்தக் கிழட்டு இருமலுக்காகத்தான். வைத்தவன் மைத்துனன். அக்காவின் விமானத்தைப் பழுது பார்த்தே தலை நரைத்த மெக்கானிக்.

ஒன்பது சிலிண்டர்கள் பூவிதழ்போல வட்டமாக நிற்கும் இன்ஜின் அது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பிளக், பின்னால் ஒரு பிளக். பொறி தர மேக்னெட்டோ இரண்டு: வலதுபுறத்தது முன் பிளக்குகளுக்கு, இடதுபுறத்தது பின் பிளக்குகளுக்கு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மைத்துனன் பின்பக்கத்தைத் தான் வைத்துக்கொண்டு, முன்பக்கத்தை அத்தானிடம் விட்டிருந்தான்.

"அத்தான், உச்சியில இருக்கிறது ஒண்ணு. அங்கேருந்து கடிகார முள்ளு போற மாதிரியே எண்ணிக்கிட்டு வாங்க. நம்பர் போட்ட ஒயரை அந்தந்த சிலிண்டருக்கு மாட்டுங்க, போதும்."

"ஒம்போது வரைக்கும் எண்ணத் தெரியும் மாப்ளே. உங்க அக்காவைக் கட்டினதுல மறந்ததெல்லாம் வேற."

"காது கேக்குது!" என்று விமானி இருக்கையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

புது ஒயரை, இன்ஜினைச் சுற்றி ஓடும் வளையக் குழாய்க்குள் விட்டு, தன் சிலிண்டருக்கு நேரே வெளியே இழுத்து, மிச்சத்தை வெட்டி, நுனியைப் பிளக்கில் பொருத்தித் திருகினார். எண்ணெயும் பழைய மருந்தும் கலந்த வாடை இன்னும் அந்த இரும்பைவிட்டுப் போகவில்லை. எத்தனை காலை அந்த வாடை அவர் தலையில் கொட்டியிருக்கிறது! தூரத்தில் புள்ளியாகத் தெரிந்து, பயிரை உரசுவதுபோல் இந்த வட்ட முகம் நேரே அவரைப் பார்த்து வரும். கடைசி நொடியில்தான் மேலே எழும்பும். பத்தடி தள்ளி நின்று மறுபடியும் கொடியைத் தூக்குவார். வேலை ஓய்ந்ததும் இறக்கை நிழலில் இருவருமாகச் சாப்பிடுவார்கள். "பயமா இல்லையா உங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டார் மனைவி. "ஓட்டுறது நீதானே" என்றார் இவர். அதைவிடப் பெரிய காதல் வசனம் எதுவும் அவர் பேசியதில்லை.

கடைசி ஒயரும் ஏறியதும், இன்ஜினைக் கிளப்பும் கைப்பிடியை மைத்துனன் சுற்றினான். வழக்கப்படி முதலில் இடது மேக்னெட்டோவில் கிளப்பினார்கள். நீலப்புகை ஒரு மூச்சு வந்தது, பிறகு இன்ஜின் பிடித்துக்கொண்டது. இருமலே இல்லை.

விமானி இரண்டு மேக்னெட்டோவையும் சேர்த்துப் போட்டார். அவ்வளவுதான். படார் படார் என்று வெடித்தது, கரும்புகை கக்கியது, விமானமே உதறியது. லாரி டிரைவர் துண்டோடு எழுந்து ஓடினார்.

இன்ஜினை நிறுத்தினார்கள்.

"பின்பக்கம் சுத்தமா ஓடுது. முன்பக்கம்தான் கோளாறு" என்றான் மைத்துனன். அத்தானைப் பார்க்காமல் சொன்னான். அதுதான் இன்னும் சுட்டது.

"நீ சொன்னபடிதான்டா மாட்டினேன். உச்சியில ஒண்ணு, கடிகாரம் சுத்துற பக்கமா."

"எங்க நின்னு எண்ணினீங்க?" மனைவி இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இதென்ன கேள்வி? இங்கதான், முன்னாடி."

மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். "சிலிண்டரை விமானி உக்காந்து பாக்குற பக்கத்துலேருந்து எண்ணணும் அத்தான்! எதிர்ல நின்னு எண்ணினா இடம் வலமாயிடுமே. உங்களைச் சொல்லி என்ன, பின்னாடி நின்னுகிட்டுச் சொன்ன என் புத்தியைச் சொல்லணும்."

கொடிக்காரர் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த முகத்தை எதிரே நின்றுதான் பார்த்திருக்கிறார். பின்னாலிருந்து பார்ப்பதென்று ஒன்று இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை. ஒயர்களை எல்லாம் உருவி மறுபடி கோப்பதென்றால் பொழுது சாய்ந்துவிடும்.

"ஏத்திடலாமா சார்? கயிறு எடுக்கட்டுமா?" என்றார் டிரைவர்.

"எடுத்துத்தான் பாரேன்" என்றார் விமானி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வலது மேக்னெட்டோவின் பக்கம் வந்து நின்றார். கொஞ்ச நேரம் விரலால் காற்றில் கணக்குப் போட்டார். "டேய், அவர் தப்பை ஒழுங்காத்தான் பண்ணியிருக்காரு. கண்ணாடியில பாக்குற மாதிரி அப்படியே திருப்பி மாட்டியிருக்காரு. முன்னாடி ஒண்ணையும் தொடாதே. ஒயரெல்லாம் கிளம்புற இந்த மூடியைக் கழட்டு. ஒண்ணாம் நம்பர் அப்படியே இருக்கட்டும். ரெண்டோட இடத்துல ஒம்போதைக் குத்து, மூணோட இடத்துல எட்டு. அப்படியே ஜோடி ஜோடியா மாத்து."

"அட!" என்றான் மைத்துனன். "அத்தான், அரைகுறையாத் தப்பு பண்ணியிருந்தீங்கன்னா செத்தோம்."

"எதையும் முழுசாச் செய்யிறதுதான் என் பழக்கம்" என்றார் கொடிக்காரர்.

மூடியைத் திரும்ப மாட்டியபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. விமானி திரும்ப இருக்கையில் ஏறினார். மறுபடியும் கைப்பிடி, நீலப்புகை. இடது, சரி. வலது, சரி. இரண்டும் சேர்ந்ததும் கொட்டகைத் தகரம் அதிர ஒரே சீராக எழுந்தது அந்தச் சத்தம். அதைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! மைத்துனன் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

விமானி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணவரைப் பார்த்தார். ஏதோ சொன்னார். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதுபோல் இவர் தலையாட்டினார்.

விமானம் உருண்டு, வால் தூக்கி, புல்தரையை விட்டது. அந்த நாளில் எல்லாம் விமானம் கிளம்புமுன்பே கொடியோடு வயலில் போய் நிற்க வேண்டும்; அதனால் அது கிளம்பிப் போவதைப் பின்னாலிருந்து கொடிக்காரர் ஒருநாளும் பார்த்ததில்லை. இன்றுதான் பார்த்தார். வால் சிறுத்து, சத்தமும் சிறுத்து, மரங்களுக்கு மேலே ஒன்றுமில்லாமல் போகும்வரை நின்றார்.

டிரைவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "அப்ப ஏத்த ஒண்ணும் இல்லையா சார்? காலி வண்டியாவா திரும்பறது?"

"ஏன் காலி? நாங்க ரெண்டு பேர் இருக்கோம்ல" என்றார் கொடிக்காரர். "அங்க இறங்கினா வீட்டுக்கு வர அவளுக்குத் துணை ஏது? ஏறு மாப்ளே, ஜன்னலோரம் எனக்கு."