ஒன்றாம் இலக்கக் கடற்பஞ்சு

கொழும்பிலிருந்து வந்த அறிக்கையை உதயகலா மூன்று தரம் வாசித்தாள். மூன்று தரமும் அது ஒன்றையேதான் சொன்னது. இரண்டு வருடமாக அவள் கண்ணும் கருத்துமாகப் பிரித்தெடுத்த பொருள் கடல் தந்த புது மருந்து அல்ல. குசினியில் டப்பாவுக்குள் கிடக்கும் மஞ்சளில் இருப்பதுதான் அது.

"ஆர் பிள்ளை இஞ்சை கறி காய்ச்சினது?" என்று கேட்டார் பொறுப்பாளர் நடராசா. கொக்குவிலில் அந்தச் சின்ன ஆய்வுகூடத்தில் அவர் பகிடி விட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைக்கு அவருக்கே சிரிப்பு வரவில்லை. உதயகலா போத்தல்களைப் பார்த்தாள், வடிதாள்களைப் பார்த்தாள், தன் சாப்பாட்டுப் பெட்டியைக்கூட மணந்து பார்த்தாள். மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அவளுக்குக் கடற்பஞ்சு கொண்டுவந்து கொடுப்பவன் பொலிகண்டிச் சுழியோடி செந்தூரன். கடலட்டை பிடிக்கப் போகிறவன், வரும்போது பாறையில் ஒட்டியிருக்கும் பஞ்சையும் பிடுங்கி வருவான். அவன் கொண்டுவந்த முதலாவது பஞ்சின் சாறு, கொழும்பில் கண்ணாடிக் கோப்பைக்குள் வளர்த்த இரத்தப் புற்றுநோய் உயிர்க்கலங்களைக் கொன்றுபோட்டது. நடராசா கேக் வாங்கி வெட்டினார். உதயகலா சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் செந்தூரனுக்கும் போன் எடுத்துச் சொல்லிவிட்டாள். படித்தவர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

அடுத்த வருடம் செந்தூரனின் மனைவி பிரதீபாவுக்கு அதே இரத்தப் புற்றுநோய் வருத்தம் வந்தது.

"கடல் எனக்கெண்டுதான் முன்னமே காட்டித் தந்திருக்கு, தங்கச்சி," என்றான் செந்தூரன்.

ஒரு பஞ்சு மருந்தாகி, குளிசையாகிக் கைக்கு வரப் பத்துப் பதினைந்து வருடம் செல்லும். வராமலே போவதுதான் அதிகம். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பாப்பம் அண்ணை," என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதன் ஒரு வருடமாகக் கடலுக்குள் இறங்கினான்.

பிரதீபா படுக்கையில் விழுந்த பிறகு வந்த பதினொரு பஞ்சும் ஒன்றுக்கும் உதவவில்லை. நிறம் அதே நிறம், உருவம் அதே உருவம். கலங்கள் மட்டும் சாகவில்லை. "இடம் பிழைச்சுப் போச்சு. இன்னும் ஆழத்துக்குப் போகவேணும்," என்று செந்தூரன் போனான். ஒரு காது கேட்காமல் போனது. கடைசியாக வந்த அன்று மூக்கால் இரத்தம் வடிந்திருந்தது.

அவனை மறிக்க வேண்டும். அந்த ஒரு நினைப்போடு, அறிக்கை வந்த மறுநாள் உதயகலா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பொலிகண்டிக்குப் போனாள்.

செந்தூரன் இன்னும் கடலால் வரவில்லை. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆசுப்பத்திரியால் அனுப்பப்பட்ட பிரதீபா விறாந்தையில் கட்டிலில் படுத்திருந்தாள். செந்தூரனின் தங்கை சுவர்ணா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய துண்டுகளில் உப்பைப் போட்டாள். பிறகு டப்பாவைத் திறந்து மஞ்சளையும் அள்ளிப் போட்டுப் பிசைந்தாள்.

உதயகலா கொடிகாமத்தில் சுத்த சைவ வீட்டில் பிறந்தவள். மீன்சட்டி ஏறாத அடுப்பு அவர்களுடையது.

"அது என்னத்துக்கு அக்கா, மஞ்சள்?"

கட்டிலில் கிடந்த பிரதீபா சிரித்தாள். சிரிக்க அவளுக்கு மூச்சு வாங்கியது. "மீன் கழுவவும் தெரியாதோ தங்கச்சி? வெடுக்கு மணம் போறதுக்கு. உங்களுக்கு முதல் முதல் வந்த பஞ்சையும் நான் உப்பிடித்தான் கழுவினனான்."

உதயகலா கட்டிலோரம் வந்து இருந்தாள்.

"அப்பிடி ஒரு நாத்தம். படிச்ச ஆக்கள் இருக்கிற இடத்துக்கு உதை எப்பிடி அனுப்புறது? மஞ்சள் போட்டு ஊறவிட்டு அலசினனான். பிறகுதான் எனக்கு ஏலாமப் போச்சே. இவர் அப்பிடியே பையுக்கை போட்டுக் கொண்டந்திருப்பார். ஆம்பிளையளுக்கு உதெல்லாம் விளங்குமே?"

பஞ்சு வரும்போதெல்லாம் நிரப்புகிற படிவத்தில் பதினேழு கேள்விகள் இருந்தன. இடம், ஆழம், திகதி, நீரின் வெப்பம் என்று ஒன்றுவிடாமல் கேட்டிருந்தாள். வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. பஞ்சு இயற்கையிலேயே மஞ்சள் நிறம் என்பதால் கண்ணும் ஏமாந்துவிட்டது. இந்தக் கடற்கரையில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பாள். உதயகலாவுக்குத் தன்னையே அடிக்க வேண்டும்போல் இருந்தது.

"இவர் சொன்னவர், முதல் வந்தது மட்டும்தான் வேலை செய்ததாம். அப்ப நான் கழுவினதுதானே அது?"

"ஓம் அக்கா," என்றாள் உதயகலா. "நீங்கள் கழுவினதுதான்."

"பாத்தியே சுவர்ணா, என்ரை கைராசியை!" என்றாள் பிரதீபா. ஒட்டிப்போன அந்த முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்த பிறகு, மிச்சத்தைச் சொல்ல எந்தக் கல்நெஞ்சாலும் முடியாது.

செந்தூரனிடம் உதயகலா கரையில் வைத்துச் சொன்னாள். அவன் கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப பஞ்சுக்குள்ளை ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லை அண்ணை."

"மஞ்சள்தான் எண்டா மஞ்சளைக் குடுப்பமே?"

"கோப்பையுக்கை கொல்லுறதெல்லாம் ஆளுக்குள்ளை கொல்லாது அண்ணை. சாப்பிட்டா ரத்தத்திலை போய்ச் சேராது."

"அதுவும் சரிதான்," என்றான் அவன். "பிறந்த நாளிலையிருந்து மஞ்சள்தானே தின்னிறாள்."

பையை மணலில் வைத்தான். பிறகு, "அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்றான். இனி ஆழத்துக்குப் போவதில்லை என்று உதயகலா அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆனால் பஞ்சு வருவது நிற்கவில்லை. தன்னுடைய கைராசியைக் கண்டுவிட்ட பிரதீபா, கழுவாமல் ஒன்றும் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். செந்தூரன் இடுப்பளவு தண்ணீரில் ஏதோ ஒரு பஞ்சைப் பிடுங்கிவந்து, கட்டிலடியில் தண்ணீர்ப் பேசினை வைப்பான். அவள் மஞ்சள் போட்டுக் கழுவித் தருவாள். உதயகலாவும் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டாள். கொழும்புக்கு ஒன்றும் அனுப்பவில்லை. நடராசா எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதினாறாவது பை, பிரதீபா செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்து மூன்றாம் நாள் வந்தது. செந்தூரன் ஐஸ்பெட்டியை மேசையில் வைத்தான். மொட்டை போட்ட தலையோடு அவன் கிழவன்போல் இருந்தான்.

"போறதுக்கு முதல் நாள் கழுவினவள். கை தூக்க ஏலாது. நான் பிடிக்க, அவள் கழுவினவள். அடுத்த முறை சரிவரும் எண்டவள்."

உதயகலா படிவத்தை எடுத்தாள். இடம், ஆழம், திகதி. பதினெட்டாவதாக ஒரு கேள்வியை அவள் புதிதாகச் சேர்த்திருந்தாள்: கழுவியது யார்? அவனைக் கேளாமலே 'பிரதீபா' என்று எழுதினாள். அவ்வளவு நாளும் அழாதவன், பெயரை வாசித்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான்.

"இதை அரைச்சுப் போடாதேங்கோ தங்கச்சி," என்றான்.

"இல்லை அண்ணை," என்று சொல்லி, அவள் அந்தப் பையைக் குளிர்ப்பெட்டியில் ஒன்றாம் இலக்கப் பஞ்சின் மிச்சத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.