வாங்கோ என்று சொன்ன தண்டவாளம்

வட்டக்கச்சி என்ற ஊரின் கடைசி ஒழுங்கையில், வாசிகசாலைப் பாலைமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. பளை ரயில் ஸ்ரேசனிலிருந்து யாரோ ட்ரக்டரில் போட்டுக்கொண்டு வந்தது. வீட்டில் நெருப்புப் பிடித்தால் அதை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். கேட்டவன் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, நனைத்த சாக்கோடு ஓடி, புகை தெரிகிற பக்கம் திரும்ப வேண்டும். சம்பளமில்லாத உத்தியோகம்தான். ஆனாலும் பிந்தி வந்தவனை அடுத்தநாள் கிணற்றடியில் பெண்கள் சும்மா விடமாட்டார்கள்.

அதற்கு முன்பு கூக்குரல்தான் இருந்தது. வயலில் யானை விரட்டுகிறவன் போடுகிற அதே கூ. யானையாக்கும் என்று தீப்பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு ஓடிவந்து, எரிகிற வீட்டுக்கு முன்னால் பந்தமும் கையுமாய் அசடு வழிந்தவர்கள் உண்டு. அந்த வெட்கக்கேட்டில்தான் தண்டவாளம் ஊருக்கு வந்தது.

அது வந்து கொஞ்ச நாளில் மீனம்மாவும் வந்தாள். எழுபத்தேழுக் கலவரத்தில், மலையகத் தேயிலைத் தோட்டத்தில் அவள் குடும்பம் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் காடையர்கள் நெருப்பு வைத்தார்கள். தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் குரலை உயர்த்தி யாரையும் கூப்பிட்டதில்லை. பசுவைக்கூடப் போய்த் தொட்டுத்தான் கூட்டிவருவாள்.

இங்கே போட்ட குடிசை முதல் சோளகக் காற்றிலேயே பற்றிக்கொண்டது. அவள் வாயடைத்து நின்றாள். வாசிகசாலைக்குப் பக்கத்து வீட்டுச் சிவனேஸ்வரி ஓடிப்போய்த் தண்டவாளத்தை அடித்தாள். பேர்கூடத் தெரியாத சனம் நாலு பக்கத்தாலும் திபுதிபுவென்று வந்தது. அடுத்தநாள் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தென்னங்கிடுகு கொண்டுவந்து கூரை வேய்ந்துவிட்டுப் போனார்கள். அந்தக் காலடிச் சத்தம் கேட்ட நேரத்தில்தான் மீனம்மா இந்த ஊர்க்காரியானாள்.

இடையில் வாலிபர்களுக்கு நாகரிகம் பிடித்து, நெருப்பென்றால் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பது என்று தீர்மானித்தார்கள். வீட்டுக்காரர் பேரையும் சொல்லலாமாம். சொல்லலாம்தான், பற்றரியில் சார்ஜ் இருந்தால். ஒரு வைக்கோற்போர் சாம்பலான பிறகுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. மறுபடியும் தண்டவாளமே கதியென்று ஆயிற்று.

பிறகு ஆமியின் ஹெலி வந்து மேலேயிருந்து சுடத் தொடங்கியது. அதற்கும் ஒரு சத்தம் வேண்டுமே. ஹெலிக்கு விட்டுவிட்டு அடிப்பது, நெருப்புக்கு விடாமல் அடிப்பது என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். தலைக்குமேல் ஹெலி நிற்க, கை நடுங்குகிறவன் எங்கே விட்டுவிட்டு அடிப்பான்? வந்த வேகத்துக்கு அடித்துவிட்டுக் குழிக்குள் பாய்ந்தான். கொஞ்ச நாளில் தண்டவாளம் என்றாலே பதுங்குகுழி என்றாகிவிட்டது.

மீனம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. வா என்று கூப்பிட்ட சத்தம் இப்போது ஓடு என்று விரட்டியது. குழிக்குள் இருக்கும்போதெல்லாம் அந்தப் பழைய காலடிகளுக்காக அவள் மனம் ஏங்கும்.

எண்பத்தாறு ஆவணியில் ஒரு மத்தியானம். தண்டவாளம் அலறியது. ஊர் முழுக்கக் குழிக்குள் இறங்கியது. மீனம்மா கணவன் ஆண்டியப்பனோடு குந்தியிருந்து காது கொடுத்தாள். அடி நிற்கவேயில்லை. ஹெலி இரைச்சலும் இல்லை. கிடுகு கருகுகிற மணம் வந்தது.

"போகாத புள்ள, ஹெலியா இருக்கும்," என்று ஆண்டியப்பன் அவள் சேலையைப் பிடித்தான்.

உதறிவிட்டு ஏறி, சாக்கை வாளிக்குள் அமுக்கி, வாளியோடு ஓடினாள். சிவனேஸ்வரியின் குசினி எரிந்துகொண்டிருந்தது. காற்று நெருப்பை வீட்டுக் கூரைப்பக்கம் தள்ளியது. சிவனேஸ்வரி பாலைமரத்தடியில் உள்ளங்கை கிழிந்து இரத்தம் வடிய அடித்துக்கொண்டே இருந்தாள். ஒழுங்கையில் ஒரு குருவி இல்லை. அவள் அடிக்க அடிக்கச் சனம் இன்னும் ஆழமாய்ப் பதுங்கியது.

மீனம்மா அவள் கையிலிருந்த இரும்பைப் பறித்து எறிந்தாள். மூச்சை இழுத்துக் கத்தினாள்.

"நெருப்பு! ஹெலி இல்ல, நெருப்பு! வாங்கோ! எல்லாரும் வாங்கோ!"

ஒன்பது வருடமாய் அடைத்துக் கிடந்த தொண்டை. ஒரு குழியிலிருந்து தலை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு காலடிகள், நாலு பக்கத்தாலும், திபுதிபுவென்று. மீனம்மா வாளியைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டாள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய், ஊத்து பிள்ளை!" என்று சிவனேஸ்வரி கத்தினாள்.

குசினி போயிற்று. வீடு தப்பியது. இனி நெருப்புக்குத் தண்டவாளம் வேண்டாம், வாயால் கூப்பிடுவோம், அது ஹெலிக்கே இருக்கட்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்கள்.

பின்னேரம் சிவனேஸ்வரியின் கைக்குத் துணி சுற்றும்போது மீனம்மா கேட்டாள்.

"அக்கா, அந்தச் சத்தத்துக்கு இனி ஒருநாளும் சனம் ஓடி வராதா?"

"வரும். ஹெலி வாறது நிண்டுபோற அண்டைக்கு நான்தான் முதல் அடிப்பன். நீ முதல் ஆளா ஓடி வா."

"ஓம்," என்றாள் மீனம்மா. சொல்லும்போதே அவள் கண் வானத்தில் ஹெலியைத் தேடிப் பார்த்தது.