சீட்டில் ஆள் இருக்க வேண்டும்

மோட்டார் சைக்கிள் செயின் அறுந்தது அழகம்மாவின் தலையெழுத்து என்று எங்கள் தொழிலாளர் லயத்தில் இன்னும் சொல்கிறார்கள். தலையெழுத்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தச் செயினை இறுக்கியவன் நான். அவள் புருஷன் சோலைமலை. எப்படி இறுக்கக் கூடாது என்று தெரிந்தேதான் இறுக்கினேன்.

லிந்துலைக்கு மேலே ஐந்து மைலில் எங்கள் தோட்டம். தேயிலை ஸ்டோரில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுவது என் வேலை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் என்பதால், தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா சுந்தரலிங்கத்தின் மோட்டார் சைக்கிளும் என் தலையில் விழுந்தது. துடைப்பது, செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுவது, ஸ்டோர் அடுப்போரம் கிரீஸை உருக்கி அதில் ஊறவைத்து மறுபடி மாட்டுவது எல்லாம் நான். ஏறி உட்காருவது மட்டும் கூடாது. லயத்து ஆளின் உடம்பு அந்தச் சீட்டில் படக் கூடாது. யாரும் அப்படி எழுதி ஒட்டவில்லை. மேல் லயத்துப் பெரியதம்பி ஒருநாள் பீடி பற்றவைக்க அதில் சாய்ந்து நின்றான். அந்த வாரமே வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து அவனைக் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எழுதி வேறு ஒட்ட வேண்டுமா?

ஐயாவின் பழைய வண்டிக்குப் பின்சக்கரத்தில் ஸ்பிரிங் கிடையாது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செயின் ஒரே மாதிரிதான் கிடக்கும். அறுபத்திரண்டாம் வருஷம் அவர் ஏற்கெனவே ஓடிய வேறு வண்டி ஒன்றை வாங்கினார். லிந்துலைக் கடைவீதியில் வண்டி திருத்தும் மஃறூப் நானாதான் பார்த்து வாங்கிக் கொடுத்தார். அதைத் தள்ளிக்கொண்டு வரப் போன என்னை நானா நிறுத்தினார்.

“சோலமல, இதுக்குப் பின்னுக்கு ஸ்பிரிங் ஈக்கி. ஆள் ஏறினா வண்டி பதியும், செயின் இழுபடும். ஸ்டாண்டுல வெச்சு இறுக்கிப் போட வாணாம். ஒராள சீட்டுல இருக்கச் சொல்லிட்டு, நடு எடத்துல வெரல வெச்சுத் தூக்கிப் பாருங்க. முக்கால் இஞ்சி ஆடோணும்.”

“சரிங்க நானா” என்றேன். யாரை உட்கார வைப்பது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கென்ன, அவர் கடையில் எவனும் எந்த வண்டியிலும் உட்காரலாம்.

அதனால் முதல் சில மாதங்கள் குருட்டு மதிப்பாகத் தொய்வு விட்டு வைத்தேன். குறை சொல்ல முடியாதபடி வண்டி ஓடியது. ஆனால் இறக்கத்தில் செயின் துள்ளிக் கவசத்தில் அடித்தது. ஐயாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

ஐப்பசி மழை நேரம். அன்று காலை அழகம்மா இடுப்பு வலிக்கிறது என்று கொழுந்து பறிக்கப் போகவில்லை. தலைப்பிரசவம். அவளை அவள் அம்மா அம்மாக்கண்ணுவிடம் விட்டுவிட்டு நான் ஸ்டோருக்கு வந்தேன். வாசலில் ஐயா வண்டியோடு நின்றார்.

“என்னடா, தகரக் கடை மாதிரிச் சத்தம் போடுது? இண்டைக்கு ஒழுங்கா இறுக்கு. இனிச் சத்தம் கேக்கப்படாது.”

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். அச்சு நட்டைத் தளர்த்தினேன். இரண்டு பக்கத்துத் திருகாணிகளையும் கால் சுற்று, கால் சுற்றாக ஒரே அளவில் திருகினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டு விரலால் தூக்கிப் பார்த்தால் முக்கால் அங்குலம் ஆடியது. ஆள் இல்லாத வண்டியில் முக்கால் அங்குலம். பழைய செயின் வேறு. ஆள் ஏறினால் இதுவும் இழுபட்டுப் போகும், போதாது என்று என் விரலுக்கே தெரிந்தது. ஐயா இரண்டு முழம் தள்ளித்தான் நின்றார், இஸ்திரி போட்ட காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட நீள மேசோடும் கைகட்டிக்கொண்டு. ஐயா, கொஞ்சம் ஏறி உட்காருங்க. அவ்வளவுதான் கேட்க வேண்டியது. நான் நிமிர்ந்து வாயைத் திறந்தேன்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லைங்கய்யா.”

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயைக் கொண்டுபோய் அடுப்பில் வைக்க வேண்டும். கண்டாக்கையாவை ஒரு தொழிலாளி உட்காரச் சொல்வதா? நட்டை முடுக்கினேன். ஐயா வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இப்பதான் சரி என்றார். எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது, வெட்கங்கெட்டவனுக்கு.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்ததாகச் சொல்லி அனுப்பினார்கள். சிரித்துக்கொண்டே ஓடினேன். எங்கள் ஒற்றையறைக் காம்பரா வாசலில் லயத்து மருத்துவச்சி நாகலெட்சுமி முழங்கை வரை இரத்தத்தோடு நின்றாள்.

“நஞ்சுக்கொடி விழலப்பா. ரத்தம் நிக்க மாட்டேங்குது. தூக்கிட்டுப் போனா வழியிலயே போயிருவா. டாக்டரையாவ இங்க கூட்டியா. ஊசி போட்டா நிக்கும். சீக்கிரம்.”

டாக்டரையா நாகரத்தினம் இருந்தது மூன்று மைல் கீழே, கீழ்ப் பிரிவில். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. கண்டாக்கையாவிடம் ஓடினேன். பொய் சொல்லக் கூடாது, அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. சாப்பிட்ட கையைக் கூட ஒழுங்காகக் கழுவாமல் வந்து வண்டியில் ஏறினார்.

“பயப்பிடாத. இருவது நிமிசத்தில டாக்டரோட வந்து நிப்பன்.”

அவர் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் பதிந்தது. செயினின் கீழ்ப்பக்கம் நூல் பிடித்தது போல நேராக நின்றதை என் கண்ணால் பார்த்தேன். வரும்போது டாக்டரும் ஏறுவார். அவர் கண்டாக்கையாவை விடக் கனத்த ஆள். தளர்த்த ஐந்து நிமிஷம் ஆகும். அங்கே அவளுக்கு இரத்தம் போகிறது. தாங்கும், போகட்டும் என்று நினைத்தேன். வண்டி போய்விட்டது.

லயத்துக்கு முன்னால் நின்று கீழ் ரோட்டுப் பக்கம் காதைத் தீட்டினேன். மூடுபனியில் எதுவும் தெரியவில்லை. பதினைந்து நிமிஷத்தில் வண்டி திரும்பி ஏறுகிற சத்தம் கேட்டது. பாரத்தோடு முக்கி முக்கி வந்தது. நின்றிருந்தவர்கள், வந்துட்டாங்க, வந்துட்டாங்க என்றார்கள். திடீரென்று எஞ்சின் வீரிட்டுக் கத்தியது, பிறகு நின்றது. மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். சக்கரத்தை இழுக்கச் செயின் இல்லாத எஞ்சின்தான் அப்படிக் கத்தும். குறுக்குப் பாதையில் விழுந்து எழுந்து ஓடினேன்.

ஒன்றரை மைல் கீழே, பள்ளமும் மேடுமான திருப்பத்தில் வண்டி சாய்ந்து கிடந்தது. ஐயா அறுந்த செயினைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பையோடு ஏற்றத்தில் நடக்கத் தொடங்கி, நாலு அடிக்கொரு முறை நின்று மூச்சு வாங்கினார்.

“முதுகுல ஏறிக்கங்கய்யா” என்று அவர் முன்னால் குனிந்தேன்.

ஏறிக்கொண்டார். அதற்கு யாரும் யோசிக்கவில்லை. கிட்டத்தட்ட இருநூறு றாத்தல் எடை. மழை வழுக்குகிற படிகளில் இரண்டு முறை முழங்காலில் விழுந்தேன், அவரைக் கீழே விடவில்லை. நாங்கள் லயத்துக்கு வந்தபோது ஒப்பாரி தொடங்கியிருந்தது. டாக்டர் அழகம்மாவின் நாடியைப் பிடித்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். அவள் கை சூடாகத்தான் இருந்தது.

“கொஞ்சம் முந்தி வந்திருந்தா” என்றவர், திறக்காத பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடக்கத்துக்குக் கண்டாக்கையாவும் வந்தார். மழையில் கடைசி வரை நின்றார். “விதியடா சோலைமலை, செயின் அந்த நேரம் பாத்தா அறவேணும்” என்றார். எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. “ஆமாங்கய்யா” என்றேன்.

எட்டு நாள் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு திரிந்தேன். எட்டாம் நாள், அத்தை அம்மாக்கண்ணு குழந்தைக்குத் துணியில் நனைத்துப் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“அத்தே, அந்தச் செயினு தானா அறுந்து போகல. காலையில நாந்தான் இறுக்கிப் போட்டேன். ஆள ஒக்கார வச்சுப் பாத்துத்தான் இறுக்கணும்னு எனக்குத் தெரியும். ஐயா பக்கத்துலதான் நின்னாரு. செத்த ஒக்காருங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஒங்க மக இருந்திருப்பா.”

அவள் என்னை அடிப்பாள், முகத்தில் காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் சொன்னேன். அவள் கிறுக்கனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

“அதெப்புடிய்யா கேக்குறது?” என்றாள். “கண்டாக்கையாவப் போயி ஒக்காருங்கன்னு நம்ம சொல்லலாமா?”

“ஒங்க மக செத்துப்போனா, அத்தே.”

“செத்துத்தான் போனா” என்று குழந்தையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். “அதுக்காக நம்ம சொல்ல முடியுமா?”