ஆட்டுப்பாட்டு வழக்கு

எங்கள் டன்லோரி திசில் கால்பந்து அணி கடைசியாகக் கோப்பை ஜெயித்தபோது என் அம்மாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதனால் எங்கள் ஊரில் யாரும் ஆட்டம் பார்க்க மைதானத்துக்கு வருவதில்லை, பாடத்தான் வருகிறோம். இதை ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவில் உட்கார்ந்து சட்டம் போட்ட மகானுபாவர்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சட்டம் என்ன தெரியுமா? கால்பந்து மைதானத்திலோ, அதற்குப் போகிற வழியிலோ, நியாயமான ஒரு மனிதரின் மனம் புண்படும்படி பாடி, கலகம் வருகிற மாதிரி நடந்துகொண்டால் குற்றம். சண்டைக்கு வர அங்கே ஆளே இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம், இருந்திருந்தால் வந்திருப்பான் என்றால் போதுமாம்! அதே பாட்டைக் கல்யாண வீட்டில் பாடினால் கைதட்டுவார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு பாடினால் கைது. வயிறு எரியுமா எரியாதா?

எங்கள் பாட்டு, பக்கத்து ஊர் இன்வர்கார்ன்காரர்களைப் பற்றியது. அவர்களுடைய முப்பாட்டன்கள் எங்கள் ஊர் ஆட்டைத் திருடிய கதை, மொத்தம் பதினொரு சரணம். நான்காவது சரணத்தில் அந்த ஆட்டுக்குக் கல்யாணமும் நடக்கும். மாப்பிள்ளை யார் என்பதை இங்கே எழுத முடியாது.

டிசம்பரில் இன்வர்கார்னோடு ஆட்டம். ஒரு போலீஸ்காரர் எங்கள் பக்கம் கேமராவைத் திருப்பினார். அதில் விழுந்தவன் லாக்லன். ஆறடி நான்கு அங்குலம், கூட்டத்துக்கு நடுவில் அவன் தலை மட்டும் தனியாகத் தெரியும், வாய் அடுப்பு மாதிரித் திறந்திருக்கும். பத்து நாள் கழித்து இரண்டு போலீஸ்காரர்கள் அவன் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கே போய், பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, வழக்குக் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். அவன் அங்கே ஜன்னல், கொதிகலன், கழிவறை எல்லாம் பார்த்துக்கொள்கிற ஆள். தண்டனை கிடைத்தால் வேலை கிடையாது என்று நிர்வாகம் எழுதியே கொடுத்துவிட்டது. ஐம்பத்துமூன்று வயது, முட்டி வேறு போன மனுஷன். அவனை இனி யார் வேலைக்கு வைப்பார்கள்?

நாங்கள் சும்மா இருப்போமா? பௌலிங் கிளப் மாடியில் சங்கம் கூட்டினோம். பிளம்பர் ஃபின்லே தலைவர். கறிக்கடையில் தராசு பிடிக்கிற நான், இஷ்பெல், செயலாளர். மனுவில் நாலாயிரம் கையெழுத்து வாங்கினோம். லாக்லனின் திறந்த வாயைப் படம் பிடித்தபடியே போட்டு, கீழே 'பாடுவது குற்றமா?' என்று முந்நூறு சட்டை அச்சடித்தோம். கொட்டுகிற மழையில் கடைத்தெரு முழுக்க ஊர்வலம். முன்னால் லாக்லன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். என்ன அடக்கம் பாருங்கள் என்று ஊர் உருகியது.

அடக்கமாவது மண்ணாவது. அவன் ஏன் குனிந்தான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஊர்வலம் முடிந்ததும் அவனைத் தேநீர்க் கடைக்கு இழுத்துப் போனேன்.

"டேய், நம்ம வக்கீல் அம்மாகிட்ட உண்மையைச் சொல்லித் தொலையேன்டா."

"என்ன உண்மை?"

"நீ பாடலைங்கிற உண்மை."

அவன் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? இருபத்திரண்டு வருஷமா உன் கக்கத்துக்குக் கீழதானே நிக்கிறேன். சுவர்கூட எதிரொலி குடுக்கும். நீ அதுவும் குடுத்ததில்ல."

அப்புறம்தான் கக்கினான். ஏழு வயதில் பாட்டு டீச்சர், 'நீ வாயை மட்டும் அசைச்சா போதும் கண்ணு' என்றாளாம். அதோடு போயிற்றா? முதல்முதலாக ஆட்டம் பார்க்க வந்த அன்று வாயைத் திறந்தவனைப் பக்கத்திலிருந்த கிழவர் திரும்பிப் பார்த்து, 'தம்பி, அணி தோக்குறது பத்தாதா எங்களுக்கு?' என்று கேட்டாராம். அன்றைக்கு மூடிய குரல்தான்.

"வேலை போயிடும்டா, மடையா."

"வேலை போனா தெருக் கூட்டுவேன். ஆனா இது தெரிஞ்சா ஆட்டத்துக்குப் போற நம்ம பஸ்ல எந்த மூஞ்சியோட ஏறுவேன்? முந்நூறு சட்டையில என் வாய் இருக்கு, இஷ்பெல்! நீ சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். அவனுக்காக மட்டும் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அந்த வீடியோவில் ஆட்டுக்குக் கல்யாணம் செய்து வைக்கிற குரல் இருக்கிறதே, அது என்னுடையது. முப்பது வருஷம் சிகரெட் குடித்த தொண்டை. போனில் கறி ஆர்டர் கொடுப்பவர்கள் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஐந்தடிகூட இல்லை. அவன் தோளுக்குப் பின்னால் நின்றதால் கேமராவுக்கு அகப்படவில்லை. பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரியில் வழக்கு. சாட்சிகள் எல்லோரும் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதால் உள்ளே நடந்ததை ஃபின்லே சொல்லித்தான் தெரியும். இரண்டு போலீஸ்காரர்களும், 'இவர்தான் பாடினார், வாயைப் பார்த்தோம், சத்தத்தைக் கேட்டோம்' என்று சாதித்தார்களாம். பிறகு அரசு வக்கீல் எழுந்து ஆட்டுப்பாட்டைத் தபால் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாக வாசித்தாராம். நான்காவது சரணத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாராம். கோர்ட்டு குமாஸ்தா மேஜைக்கு அடியில் காலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டாராம். அவர் எங்கள் ஊர்க்காரர்.

எங்கள் வக்கீல் மிஸ் கில்கிறிஸ்ட் என்னைக் கூப்பிட்டது லாக்லன் தங்கமான ஆள் என்று சொல்வதற்கு மட்டும். கை தூக்கிச் சத்தியம் செய்தேன். சொன்னேன். அத்தோடு இறங்கியிருக்கலாம்.

அரசு வக்கீல் எழுந்தார். "தங்கமான ஆள். சரி. இதைக் கேளுங்க." வீடியோவைப் போட்டார். என் குரல் அந்தக் கூரையையே தூக்கியது. "இந்தத் தங்கம் பாடுறதுதானே இது?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்குப் போய்ச் சூப் வைக்கலாம். லாக்லனைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் போடுகிற டையைக் கட்டிக்கொண்டு, சொல்லாதே சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினான். இந்த எருமை வேலையையும் விட்டுவிட்டு வீதியில் நிற்கப் போகிறானே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இல்லைங்க. அவன் பாடவே இல்லை. அவனுக்குப் பாட வராது. சும்மா வாயை அசைப்பான்."

பின்னால் எங்கள் ஆட்கள் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

"அப்போ இது யாரு குரல்?"

நீதிபதி அம்மா கண்ணாடியை இறக்கினார். "உங்களையே மாட்டிவிடுற கேள்விக்கு நீங்க பதில் சொல்ல வேண்டாம். புரியுதா?"

"புரியுதுங்க. அது நான்தான்."

"பொய்!" குற்றவாளிக் கூண்டில் லாக்லன் எழுந்து நின்றுவிட்டான். "அவ என்னைக் காப்பாத்தப் புளுகுறா அம்மா! நான்தான் பாடினேன்! எல்லா வரியும் பாடினேன்!"

"உக்காருங்க," என்றார் நீதிபதி.

"நம்பலையா? இந்தாங்க!"

பாடினான். ஐயோ, என்னவென்று சொல்வேன்! பல் டாக்டரிடம் மாட்டிய கழுதைகூடக் கொஞ்சம் சுருதியோடு கத்தும். மெட்டு ஒரு பக்கம் போனது, இவன் எதிர்ப்பக்கம் போனான். குமாஸ்தா காதைப் பொத்திக்கொண்டார். அவன்தான் பாடினான் என்று சாதித்த இரண்டு போலீஸ்காரர்களும் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று உயிரைக் கொடுத்துப் பாடினான் பாவி. பாடப் பாட, வீடியோவில் இருப்பது அவன் இல்லை என்று கோர்ட்டு முழுக்கத் தெரிந்துபோயிற்று.

இரண்டாவது வரியில் நீதிபதி கையைத் தூக்கினார். "போதும். நிஜமாவே போதும். இவர் குற்றவாளி இல்லை. வாயைத் திறந்து வெச்சிருக்கிறது இன்னும் குற்றமாகலைன்னு நினைக்கிறேன்."

வெளியே வந்தால் வாசலிலேயே ஒரு போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு எனக்காகக் காத்திருந்தார். ஃபின்லே தலையில் கை வைத்துக்கொண்டான். "முந்நூறு சட்டை, இஷ்பெல்! முந்நூறு!"

"பின்பக்கம் காலியாத்தானே கிடக்கு? என் மூஞ்சிய அங்க போடு. சும்மா நின்னவனையே மூணு மாசம் அலைக்கழிச்ச சட்டம்னு மனுவுல எழுது. இதைவிட நல்ல கேஸ் உனக்கு எங்க கிடைக்கும்?"

லாக்லன் ஓரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் பஸ் ஆட்கள் யாரும் அவனைக் கேலி செய்யவில்லை.

"ஏன்டா, பாடவும் வராம நாப்பது வருஷமா எதுக்குடா வந்தே?" என்றேன்.

"பாடினா போகச் சொல்லிடுவாங்க. பாடலைன்னாலும் போகச் சொல்லிடுவாங்க. அதான் வாயை அசைச்சேன்," என்றான். "அப்புறம் நீ பக்கத்துல வந்து நின்ன. நான் வாயத் தொறந்தா உன் குரல் என் வாயிலேர்ந்து வர்ற மாதிரி இருக்கும். எனக்கு அது போதும்னு இருந்துட்டேன்."

போலீஸ்காரர் என் பெயரைக் கேட்டார், சொன்னேன்.

என் மேல் போட்ட வழக்கு முடியும்வரை நான் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. அந்தச் சனிக்கிழமை ஆட்டம் இருந்தது. வீட்டில் இருக்க முடியுமா? மைதானத்து வெளிச்சுவர் ஓரமாக, தெருவில், ஒரு பொட்டலம் சிப்ஸோடு போய் நின்றேன். வெளியே நிற்பதற்கு இன்னும் சட்டம் வரவில்லை. வாசலில் காவலுக்கு ஓர் இளம் போலீஸ்காரி நின்றிருந்தாள்.

உள்ளே பாட்டு தொடங்கியது. நான் இல்லாமல் உப்பில்லாத சூப் மாதிரி இருந்தது. மனதுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கிளம்பியது. எல்லாக் குரலுக்கும் மேலே, எந்தக் குரலோடும் சேராமல், சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. அது நிற்கும் என்று பார்த்தேன். யாராவது நிறுத்தச் சொல்வார்கள் என்று பார்த்தேன். அடுத்த சரணத்தில் இன்னும் உரக்க வந்தது; கூட்டமே அதன் பின்னால் தாளம் தப்பி ஓடியது.

போலீஸ்காரி பதறிப்போய் என்னிடம் வந்தாள். "உள்ள யாருக்காவது அடிபட்டிருச்சாம்மா?"

"இல்ல கண்ணு," என்றேன். "எங்க லாக்லன் பாடறான். எனக்குக் கேக்கணும்னு பாடறான்."

சிப்ஸை அவள் கையில் கொடுத்துவிட்டு, மூக்கைச் சிந்தப் போனேன்.