தபசு மரத்தடி

கிழக்கு வெளுத்துவிட்டது. ஆயினும் மைக்கை நிறுத்த இன்னும் அரை மணி நேரம் இருந்தது. விடியும்வரை ஆட வேண்டும் என்பது ஊராரின் பேச்சு; விடிவது என்றால் சூரியன் முழுதாகத் தெரிவது என்று குணாளன் பொருள் கொண்டிருந்தார். குணாளன் கூத்துச் செட்டின் முதலாளி. வேஷப்பெட்டி, வேன், மைக், ஆர்மோனியம் எல்லாம் அவருடையவை. உடம்பு மட்டும் ஆடுகிறவர்களுடையது.

முனிகிருஷ்ணன் அரங்கின் நடுவே சுழன்றுகொண்டிருந்தான். தலையில் மரக்கிரீடம், மார்பில் கண்ணாடி பதித்த பதக்கம், இரு தோள்களிலும் மரத்தில் செதுக்கிய புஜக்கட்டை: எல்லாம் சேர்ந்து பதினைந்து கிலோ. வியர்வையில் அரிதாரம் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் வலக்கை வில்லோடு விரிந்தது. இடக்கை இடுப்பைவிட்டு நகரவில்லை. அதை அர்ச்சுனனின் மிடுக்கு என்று மக்கள் நினைத்தார்கள். இடத்தோளின் தசைநார் கிழிந்து பதினொரு நாளாகியிருந்தது.

திருவாலங்காட்டுக்கு வடக்கே ஒரு சிற்றூர், திரௌபதியம்மன் திருவிழா. இரவுக் கூத்து முடிந்த பிறகும் முனிகிருஷ்ணனுக்கு உறக்கம் இல்லை. பதினொரு மணிக்கு அர்ச்சுனன் தபசு. கோயிலுக்கு எதிரே நாற்பதடிப் பனைமரத்தைச் சீவி நட்டிருந்தார்கள். முப்பத்தாறு குறுக்குக்கட்டைகள், கட்டைக்கு ஒரு பாட்டு. பாடிக்கொண்டே உச்சிப் பரணுக்கு ஏறி, அங்கிருந்து விபூதியும் எலுமிச்சம்பழமும் வீச வேண்டும். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தைச் சுற்றிக் குப்புறக் கிடப்பார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் பாக்கியராஜ் அவனுடைய புஜக்கட்டையை அவிழ்த்தான். கூத்தில் யாரும் தம் வேஷத்தைத் தாமே கட்டிக்கொள்ள முடியாது. கயிறு முதுகின் குறுக்கே போய் எதிர்ப்பக்க இடுப்பில் முடிய வேண்டும். முழங்காலை ஊன்றி இழுத்துக் கட்ட இன்னொருவருடைய கை வேண்டும். ஆகவே ஒருவர் மறைக்கும் நோவு கட்டுகிறவருக்குத் தெரிந்தே தீரும். அதற்கு மேல் அது யாருக்கும் போகாது. அதுவும் ஒரு வழக்கம். முனிகிருஷ்ணனுக்குக் கட்டுகிறவன் பாக்கியராஜ். பாக்கியராஜுக்குக் கட்டுகிறவன் முனிகிருஷ்ணன்.

“கைய தூக்கு பாக்கலாம்” என்றான் பாக்கியராஜ்.

முனிகிருஷ்ணன் தூக்கினான். முழங்கை மார்பளவுக்கு வந்து நின்றது. உதடு வெளுத்தது.

“இத்த வச்சிக்கினு மரம் ஏறப் போறியாண்ணா? மொதலாளிகிட்ட சொல்லிடு.”

“சொன்னா?”

“நான் ஏற்றேன்.”

“மேல போயி உனுக்கு இஸ்துக்கிச்சினா?”

பாக்கியராஜ் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். இருபத்தாறு வயது, கிருஷ்ணன் வேஷக்காரன். இந்த ஆண்டில் மட்டும் இருமுறை, கயிறு கட்டும்போதே, அவன் விறைத்து வாயில் நுரை தள்ளி முனிகிருஷ்ணனின் மடியில் சரிந்திருக்கிறான்.

“அது மாசத்துக்கு ஒருவாட்டி வந்தாதான்” என்றான்.

“இன்னைக்கு வராதுன்னு எழுதிக் குட்த்துக்குதா?”

முனிகிருஷ்ணன் சொல்லாமலிருந்ததற்குக் காரணம் அது மட்டுமன்று. மூன்றாண்டுகளுக்கு முன் ஏழுமலை என்பவர் அர்ச்சுனன். முழங்கால் வீங்கிவிட்டது, ஒரு வாரம் பொறுக்க வேண்டும் என்று அவரே முதலாளியிடம் போய்ச் சொன்னார். “ரெஸ்ட் எடு நைனா” என்றார் குணாளன், கனிவாகவே. அன்றைக்கே வில் முனிகிருஷ்ணனின் கைக்கு வந்தது. வேண்டாமென்று அவன் சொல்லவில்லை. ஏழுமலையின் ஓய்வு இன்னும் முடியவில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து லாரி எண்களைக் குறித்துக்கொண்டிருக்கிறார். கூத்தில்லாத மாதங்களில் அதே பேட்டையின் உருக்காலை ஒன்றுக்குக் கூலியாகப் போகும் முனிகிருஷ்ணன், அந்த வாசலைத் தவிர்ப்பதற்காகத் தினமும் ஒரு கல் சுற்றி நடந்தான்.

ஏறினால் பாதி மரத்தில் கை விட்டுவிடும். ஏறாவிட்டால் பாக்கியராஜ் ஏறுவான். முகத்தைக் கழுவும்போதும், காவி கட்டும்போதும், முனிகிருஷ்ணன் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி எண்ணிப் பார்த்தான். மூன்றாவது வழி தென்படவில்லை.

“இறுக்கிக் கட்டு. தோள் அசையக் கூடாது” என்றான். வில்லையும் விபூதிப் பையையும் அவன் முதுகோடு சேர்த்து, மரம் ஏறும்போது அவிழாத முடிச்சாகப் போட்டான் பாக்கியராஜ். முடிச்சுப் போட்ட பிறகும் சற்று நேரம் கயிற்றைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

பதினொரு மணி வெயிலில் பனைமரம் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. மிருதங்கம் தொடங்கிற்று. முனிகிருஷ்ணன் மரத்தை மும்முறை வலம்வந்து முதற்கட்டையில் கால் வைத்தான். ஒரு பாட்டு. இரண்டாம் கட்டை. வலக்கையால் மட்டுமே உடம்பை இழுத்தான்; அதை மாற்றும்போது மார்பை மரத்தில் அழுத்திக்கொண்டான். ஆறாம் கட்டையில் வலக்கையை எடுத்து மேலே நீட்டியபோது மார்பு வழுக்கியது. அந்த ஒரு கணத்துக்கு இடக்கை பிடித்தே ஆக வேண்டும். பிடிக்கவில்லை. பாட்டு நடுவில் அறுந்தது. கீழே நின்ற கோமாளி வேஷக்காரர் கணேசனும் பாக்கியராஜும் ஓடிவந்து தாங்கியிராவிட்டால், குப்புறக் கிடந்த ஒரு பெண்ணின் முதுகில் விழுந்திருப்பான்.

குணாளன் மைக்கில் “கோவிந்தா! கோவிந்தா!” என்று ஒருமுறை முழங்கிவிட்டு, அதை மூடிக்கொண்டு அருகில் வந்தார்.

“இன்னா ஆச்சு?”

“தோளு கிழிஞ்சிக்குது. சோழவரத்துல ஆடறப்போ மேடையிலிருந்து உளுந்தேனே, அன்னைக்கே.”

“அன்னைக்கே ஏன் சொல்லல? சரி, ஓரமா உக்காரு. பாக்கியராஜு! காவிய கட்டு. நீ ஏறு.”

பாக்கியராஜ் முனிகிருஷ்ணனின் முதுகிலிருந்து வில்லை அவிழ்த்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டான். பழக்கத்தின்படி, கட்டுவதற்காக முனிகிருஷ்ணனுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

முனிகிருஷ்ணன் கயிற்றை எடுக்கவில்லை.

“நான் கட்ட மாட்டேன்.”

“பொறாமையா?” என்றார் குணாளன். “ஏழுமல உன்னைப் பாத்து இப்பிடியா நின்னான்?”

“நின்னிருக்கணும். நானும் அன்னைக்கு அவருக்காக நின்னிருக்கணும். ரெண்டு பேரும் நிக்கல.”

“கணேசா, நீ கட்டுடா.”

கட்டியக்காரன் வேஷம் போடும் கணேசனுக்கு ஐம்பத்திரண்டு வயது. தலையைச் சொறிந்தார். “குனிஞ்சா எனுக்குக் கொடலு வெளிய வந்துரும் மொதலாளி. நான் குதிச்சா வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கிறீங்களே, நானும் வயித்ததான் புடிச்சிக்கினு இருக்கேன். கொடலு எறங்கி ரெண்டு வருசம் ஆவுது.”

“தமாசு பண்ற நேரமா இது?”

“தமாசு இல்ல” என்றாள் ரத்னா. திரௌபதி வேஷக்காரி, கணேசனுக்குக் கட்டுகிறவள் அவள்தான். “தெனம் அந்தக் கொடல உள்ள தள்ளி, துணி வச்சிக் கட்டுறவ நான். எனுக்குச் சக்கர. சலங்கைக்குக் கீழ கால்ல புண்ணு, புழு வச்சிருச்சு. அதுக்குத் துணி சுத்தறது இவரு.”

பாக்கியராஜ் திரும்பினான். சொல்லிவிட்டால் இந்த வேஷம் மட்டுமன்று, எந்த வேஷமும் இனி இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

“எனுக்கு வலிப்பு மொதலாளி.”

குணாளன் நால்வரையும் பார்த்தார். உண்மையிலேயே திகைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். “இத்தெல்லாம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?”

“ஏழுமல சொன்னாரே” என்றான் முனிகிருஷ்ணன்.

குணாளன் கயிற்றைத் தாமே எடுத்தார். பாக்கியராஜின் முதுகில் குறுக்காகப் போட்டார், இழுத்தார், ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு. வில் நழுவித் தரையில் விழுந்தது. பதினெட்டாண்டு முதலாளிக்கு அந்த முடிச்சுத் தெரியாது.

“இன்னா வேணும் உங்களுக்கு? துட்டா?”

“கம்பெனியில பத்தடி ஏணி ஏறினாலே இடுப்புல பெல்ட்டு மாட்ட சொல்றான். இது நாப்பதடி. பெல்ட்டு வேணும், கீழ வல வேணும். நோவுன்னு சொல்றவனுக்கு வைத்தியம் பாக்கணும். முக்கியமா, ஆறி வர்ற வரைக்கும் அவன் எடம் அவனுக்கே இருக்கணும். அந்த எடத்துக்கு வேற ஆளு வந்தா, எங்கள்ல ஒருத்தரும் கயிறு கட்ட மாட்டோம்” என்றான் முனிகிருஷ்ணன்.

“அர்ச்சுனன் பெல்ட்டு போட்டுக்கினா தபசுக்குப் போனான்?”

“மைக்குல பாடிக்கினா போனான்?” என்றார் கணேசன்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தர்மகர்த்தா வீரராகவன் சிரிக்கவில்லை. ஐந்து காணி நஞ்சையும் நிமிர்ந்த நடையும் உடையவர். “பொம்பளைங்க ஈரத் துணியோட காயிது. உங்க பேஜாரு எங்களுக்கு வாணாம். ரெண்டு மணிக்குள்ள தபசு நடக்கணும். உன் செட்டோ, வேற செட்டோ.”

அப்போது, முனிகிருஷ்ணன் யார்மேல் விழ இருந்தானோ, அந்தப் பெண் எழுந்தாள். ரம்யா என்று பெயர். கல்யாணமாகி ஏழு வருடம். முகமெல்லாம் மண். ஊரே பார்த்திருக்கத் தர்மகர்த்தாவின் முன் அவள் பேசியது அதுவே முதன்முறை.

“மாமா, ஒருத்தரு உசுரு போயி எனுக்கு இன்னாத்துக்குக் கொழந்த? பெல்ட்டு வரட்டும். நான் உக்காந்துக்கறேன்.”

உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி எழுந்து வீட்டுக்குப் போனாள். இன்னும் இருவர் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தபடியே இருந்தார்கள்.

நால்வரும் மரத்தடியில் அமர்ந்தனர். மிருதங்கக்காரர் சற்று யோசித்து, உறையைப் போட்டுவிட்டு, அவர்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

குணாளன் கைபேசியை எடுத்தார். ஊத்துக்கோட்டைச் செட்டில் மாசிலாமணி என்று ஓர் அர்ச்சுனன் இருந்தார். இவர்கள் நன்றாகக் கேட்டு அஞ்சட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார்.

“மாசிலாமணி, இன்னைக்கு ஒரு தபசு. இப்பவே வண்டி அனுப்பறேன். இங்க என் ஆளுங்க சண்டித்தனம் பண்ணிக்கினு ஒக்காந்துக்கறானுங்க.”

“இன்னாத்துக்காம்?”

குணாளன் விடை சொல்வதற்குள் ரத்னா உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்: “மாசிலாமணியண்ணே! எங்க அர்ச்சுனனுக்குத் தோளு கிழிஞ்சிக்குது. உனுக்கு இன்னா நோவு?”

மறுமுனையில் தூரத்தில் ஒரு பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டு போவது கேட்டது. முனிகிருஷ்ணனின் கண் தரையிலேயே இருந்தது. இப்படியொரு நாளில் தானும் ஒருமுறை ‘சரி’ என்றவன் என்பதை அவன் மறக்கவில்லை.

“முட்டி” என்றது குரல். “ரெண்டு முட்டியும். யாரும் கேட்டதில்ல.” பிறகு யாரிடமோ ஏதோ பேசியது. “இங்க எங்க கர்ணனுக்கு ஒரு கண்ணு தெரியாது. எந்த ஊரும்மா அது?”

ரத்னா ஊர்ப்பெயரைச் சொன்னாள்.

“வர்றோம். நாலு பேரு.”

“அப்பிடிச் சொல்லு நைனா!” என்றார் குணாளன்.

“ஆடறதுக்கு இல்ல மொதலாளி. அவங்களோட ஒக்கார்றதுக்கு. வண்டி வாணாம், பஸ்ஸுல வந்துக்கறோம்.”

குணாளன் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அடுத்த எண்ணைத் தேடத் தொடங்கினார். அவரிடம் இன்னும் பல எண்கள் இருந்தன.

ஊத்துக்கோட்டையிலிருந்து பேருந்து வர ஒன்றரை மணி நேரமாகும். தர்மகர்த்தா குறித்த நேரத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. முனிகிருஷ்ணன் தன் வலப்பக்கம் சிறிது ஒதுங்கி, நான்கு பேர் உட்காரும் அளவுக்கு மரத்தடியில் இடம் விட்டான்.