ஹாலுக்கு வந்த கடல்

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மாட்டுங்காவிலிருந்து தாதர் சௌபாத்திக்கு ஒரு பஸ் போதும். வேர்க்கடலை கொறித்துக்கொண்டே பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். என் வீட்டுக்காரர் அனந்தநாராயணனுக்கு அது போதவில்லை. அவருக்குக் கடல் ஹாலிலேயே வேண்டியிருந்தது.

இவர் ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு அதிகாரி. கப்பலைக் கண்ணால் பார்த்தது வருஷத்துக்கு ஒரு தரம் இருக்கலாம். எண்பத்தி நாலாம் வருஷம் கோடையில் ஆபீஸ் விட்டு வரும்போது, நடைபாதைக் கடையிலிருந்து ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தார். லண்டனில் அச்சடித்தது. வீட்டுக்குள் உப்புத் தண்ணீர்த் தொட்டி கட்டி, பவளப்பாறையை உயிரோடு வளர்ப்பது எப்படி என்பது விஷயம். அன்றிலிருந்து மனிதர் சாப்பிடும்போது கூடத் தட்டைப் பார்க்கவில்லை. முன்பு வந்த கோல்டு ஃபிஷ் ஆசை மாதிரி இதுவும் நாலு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

எங்களுடையது ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு அடுக்களை. ஹாலில்தான் என் வீணை வகுப்பு. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள பெண் குழந்தைகள் என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னிடம்தான் வருகிறார்கள். நான் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது இவர் பேப்பர் எடுக்க நடுவில் நடந்து போவார், பால்காரன் பேசுவான், பக்கத்து வீட்டுக்காரி சாவி வைத்துவிட்டுப் போவாள். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். என்னிடம் என்னுடையது என்று இருந்ததே அந்த வகுப்பு ஒன்றுதான்.

தொட்டி செய்ய இவர் பிடித்த ஆள் மன்சூர் அலி. மேலப்பாளையத்துக்காரர், தாராவியில் பட்டறை. நகைக்கடைகளுக்கும் மிட்டாய்க் கடைகளுக்கும் கண்ணாடி ஷோகேஸ் செய்கிறவர். தண்ணீர் நிற்கிற சாமான் எதையும் அவர் அதுவரை செய்ததில்லை. அதனாலேயே அவருக்கு இவரைவிட உற்சாகம் அதிகம்.

"ஷோகேஸ்னா இடுக்குல காத்துப் போனா ஒண்ணுமில்ல மாமி. இது தண்ணிலா, எங்கே வழி இருக்குன்னு தேடிக்கிட்டே கெடக்கும். ஆனா வுட்டுருவேனா?" என்றார்.

அரை அங்குலக் கண்ணாடியை இரும்புச் சட்டத்தில் வைத்து இறுக்கிவிடலாம் என்று மன்சூர் அலி சொன்னார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடித்தால் உள்ளே இருக்கும் உயிர்களுக்கு ஆகாது என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். எனவே சட்டமே இல்லாமல், சிலிகான் பசையிலேயே கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டினார்கள். ட்யூப் லைட்டைத் தாங்கும் திருகாணிகளைக் கூட இவர் விட்டுவைக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயிண்ட் அடித்தார். தொட்டியைத் தூக்கி வந்த நாளில் கைவண்டி எங்கள் தெருவையே அடைத்துக்கொண்டது. நல்லவேளை நாங்கள் தரைத்தளம். மாடியாக இருந்தால் கீழ்வீட்டுக்காரர்கள் தலைக்கு மேல் ஒரு கடலை வைத்துக்கொண்டு தூங்கியிருக்க வேண்டும்.

கடல் தண்ணீர் மாஹிமில் மீன் பிடிக்கும் கோளிப் படகுக்காரர்களிடமிருந்து வந்தது. கரையோரத் தண்ணீர் சாக்கடை. அதனால் இவர் ஆழத்துக்குப் போகும் படகில் பிளாஸ்டிக் கேன்களைக் கொடுத்தனுப்பி நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார். தண்ணீரை வடிகட்டத் தொட்டியின் அடியில் துளை போட்ட பிளாஸ்டிக் குழாய்கள், அதன்மேல் சிப்பித் தூளும் மணலும், பக்கத்தில் ஓயாமல் உறுமும் காற்று பம்ப். மழைக்காலம் முழுக்க என் ஹால் மீன்பிடித் துறைமுகம் மாதிரி நாறியது. வகுப்பைத் 'தற்காலிகமாக' நிறுத்தியிருந்தேன். அந்தத் தற்காலிகம் நீண்டுகொண்டே போனது.

ஆவணி மாதத்தில் மன்சூர் அலியின் மச்சான் கரீம் பாட்சா, தெற்கே கடலோர ஊரான மண்டபத்திலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தார். இரண்டு டிரம் நிறையக் கடல் தண்ணீர், அதற்குள் உயிருள்ள கற்கள். வழி முழுக்க சைக்கிள் பம்பால் காற்று அடித்துக்கொண்டே வந்தாராம். ரயிலில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையா என்றேன்.

"கேட்டாங்க. பூச்செடின்னு சொல்லிட்டேன்," என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கற்களைத் தொட்டிக்குள் அடுக்கி விளக்கைப் போட்டதும் சாயங்காலத்துக்குள் அவை பூத்தன. கல்லென்று நினைத்ததன் மேலெல்லாம் பொடிப் பொடியாக விரல்கள் நீண்டன. நடுவில் ஒன்று மட்டும் தட்டு அகலத்துக்கு விரிந்து, தண்ணீரின் ஓட்டத்தில் ஆடியது. அதற்குக் கடல் சாமந்தி என்று பெயராம். செடியில்லை, பிராணி. வாய், வயிறு எல்லாம் உண்டு. நான் கோபமாக இருந்தேன், ஆனாலும் அடுக்களைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். அழகென்றால் அப்படி ஓர் அழகு. அதை இவரிடம் சொல்லவில்லை.

பத்து நாள் கூட ஆகவில்லை. எல்லாம் சுருங்கிக்கொண்டது. இவர் வாங்கி விட்டிருந்த மீன்கள் நன்றாகத்தான் நீந்தின. ஆனால் கல் வெறும் கல்லானது, சாமந்தி வற்றிப்போன எலுமிச்சம்பழமாகி ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. இவர் விளக்கை மாற்றினார். பம்பை மாற்றினார். படகுக்காரர்களிடம் புதுத் தண்ணீர் வாங்கிக் கால்வாசியை மாற்றினார். மாற்றினால் இரண்டு நாள் கொஞ்சம் தலைகாட்டும், மறுபடி சுருங்கும். ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பார். கற்களில் சில வெளுத்துச் செத்தே போயின.

ஒரு நாள் என் மாணவி ஒருத்தியின் அம்மா, வேறு டீச்சரைப் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"விஜயதசமி வரைக்கும் பாருங்கோ. அன்னிக்குப் புதுக் குழந்தைகள் வரும். அதுக்குள்ள இதெல்லாம் பொழச்சு வரலைன்னா தொட்டி வெளியே, வீணை உள்ளே. சரியா?" என்றேன்.

"சரி," என்றார். ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

பிழைத்துவிட்டால் என் வகுப்பு என்ன ஆவது என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பிழைக்காது என்று நான் அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

நவராத்திரிக்கு முந்தின வாரம் எங்கள் செப்புத் தவலை அடியில் ஒழுக ஆரம்பித்தது. அடுக்களை மூலையில் நிற்கும் பெரிய தவலை அது. கார்ப்பரேஷன் தண்ணீர் காலையில் வரும்போது பிடித்து அதில்தான் வைப்போம். குடிக்க, சமைக்க எல்லாம் அதுதான். தெருவில் பாத்திரம் அடைக்க வந்த கலாய்க்காரனிடம் பற்றவைக்கக் கொடுத்தேன். அவன் எடுத்துக்கொண்டு போனவன் ஒரு வாரம் முகத்தைக் காட்டவில்லை. தண்ணீரை பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்துச் சமாளித்தோம்.

அந்த வாரத்தில் சாமந்தி விரிந்தது. கற்களும் ஒவ்வொன்றாக விரல் நீட்டின. இவர் தண்ணீரையும் நிறைய மாற்றியிருந்தார். அதனால்தான் என்று சொல்லிக்கொண்டு, மீசைக்குள் சிரித்தபடி திரிந்தார். எனக்குச் சந்தோஷமும் வந்தது, பயமும் வந்தது. ஹால் போச்சு என்று தோன்றியது.

பிறகு கலாய்க்காரன் தவலையைக் கொண்டு வந்தான். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று மூலையில் வைத்தேன். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் பார்க்கிறேன், சாமந்தி மறுபடி எலுமிச்சம்பழம். இவர் அதைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தாராவிக்குப் போய், விஜயதசமி காலையில் கைவண்டியோடு வரும்படி மன்சூர் அலியிடம் சொல்லிவிட்டு வந்தார். தாதரில் யாரோ ஒரு சேட் தொட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் வீடுகளில் பூஜை வைத்துவிட்டால் மறுநாள் எடுக்கும்வரை எதையும் படிக்கக் கூடாது, வாத்தியத்தைத் தொடக் கூடாது. என் வீணை பட்டுத்துணி போர்த்திக்கொண்டு சந்தனப் பொட்டோடு இருந்தது. பக்கத்தில் இவருடைய லண்டன் புத்தகம், அதற்கும் பொட்டு. சமையல் முடிந்தது. வாசிக்க வீணை இல்லை, புரட்ட வாரப் பத்திரிகை இல்லை. பொழுது போகாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன்.

இவர் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். ஃபேன் காற்றில் தொட்டித் தண்ணீர் தினமும் வற்றும். உப்பு வற்றாது, தண்ணீர்தான் வற்றும். அதனால் நல்ல தண்ணீரை விட்டு அளவைச் சரிசெய்ய வேண்டும். நாளைக்குப் போகப்போகிற தொட்டிக்கு இன்றைக்கும் சொம்பு சொம்பாகக் கொண்டுவந்து விட்டார். தவலையிலிருந்து மொண்டு மொண்டு விட்டார்.

நான் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். தவலை இல்லாத வாரத்தில் விரிந்தது. தவலை வந்தது, சுருங்கியது. சோற்றில் கல் தட்டுப்பட்ட மாதிரி இருந்தது எனக்கு.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளைக் காலையில் ஹால் என்னுடையது. நான் ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் கெடுக்கவில்லை, பேச்சுப்படி நடக்கும். இவர் உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். நான் சாமந்தியைப் பார்த்தேன். அது மூலையில் ஒண்டிக்கொண்டு கிடந்தது. அது சாக வேண்டாம் என்று இருந்தது எனக்கு. அதைவிட, அந்த மனுஷர் தான் கொன்றது தெரியாமலேயே காலம் முழுக்க விளக்கையும் பம்பையும் குறை சொல்லிக்கொண்டிருப்பாரே என்று இருந்தது.

சாயங்காலக் காப்பி போட்ட பிறகு கூப்பிட்டேன்.

"ஏன்னா, இங்கே வாங்கோ. தெனம் தவலைத் தண்ணிதானே விடறேள்?"

"ஆமா. கொழாத் தண்ணியில குளோரின் வாசனை. தவலையில ஒரு ராத்திரி இருந்தா போயிடும். செம்பு வேறயாச்சே, கிருமி கூட நிக்காது."

"கிருமி எங்கே போறது?"

"செம்பு கொன்னுடும்."

"அப்போ இது?" என்று சாமந்தியைக் காட்டினேன். "கலாய்க்காரன் தவலையை வெச்சிண்டிருந்த வாரம்தான் இது விரிஞ்சுது."

இவர் பூஜை மேடைப் பக்கம் நடந்து புத்தகத்தின் மேல் கையை நீட்டினார். என்னைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

"நாளைக்குத்தான் எடுக்கணும்," என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

தரையில் உட்கார்ந்துவிட்டார். "எடுக்கவே வேண்டாம், ருக்கு. எந்தப் பக்கம்னு கூடத் தெரியும். மீனுக்குப் புண்ணு வந்தா மயில்துத்தம், அதுவும் செம்புதான், கரைச்சு விடுவா. சாமந்தி, பவளம் இருக்கற தொட்டியில மட்டும் விடப்படாது, செம்பு அதுகளைக் கொன்னுடும்னு போட்டிருக்கான். நான் அந்த வரியில கோடு கூடப் போட்டேன். மருந்துக்குன்னு நெனச்சுண்டேன். தவலை ஞாபகமே வரலை."

"லண்டன்காரன் தவலையைக் கண்டானா?" என்றேன்.

ரொம்ப நேரம் சிரித்தார். இரும்பு ஆணிக்கெல்லாம் பெயிண்ட் அடித்த மனிதர், வீட்டிலேயே ஒசத்தியான தண்ணீரென்று தினமும் விஷத்தை ஊற்றியிருக்கிறார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"வண்டி நாளைக்கு வரும். நான் ஒத்துண்டது ஒத்துண்டதுதான். விஜயதசமிக்குள்ள பொழைக்கலை."

எனக்கு மறுபடி கோபம் வந்தது. இந்த ஆளுக்குக் கெஞ்சவே தெரியாதா? காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். வழியில் படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. அறை முழுக்க எங்கள் கட்டில். தேக்கு, என் அப்பா சீராகக் கொடுத்தது. அதைச் சுற்றி நடக்கக் கூட இடம் கிடையாது. வாசலிலேயே நின்று யோசித்தேன்.

விஜயதசமி காலையில் மன்சூர் அலி கைவண்டியோடும் ஆட்களோடும் வந்தார். எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"என்ன சார், தண்ணிய இன்னும் காலி பண்ணலியா? இப்பிடியே தூக்குனா முதுகு போயிரும்லா."

"தொட்டி எங்கேயும் போகலை பாய். கட்டில்தான் போறது," என்றேன்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்கே படுத்துக்கறது?"

"தொட்டிக்குப் பக்கத்துல பாயைப் போட்டுக்கோங்கோ. ராத்திரியும் கூடவே இருக்கலாமே."

மன்சூர் அலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கட்டிலை எங்க எறக்க மாமி?"

"உங்க பொண்ணு நஸீராக்குக் கல்யாணம் வரதுன்னு சொன்னேளே. அவளுக்குப் போடுங்கோ."

அவர் வேண்டாம் என்றார், இவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், கொஞ்ச நேரம் அதே நடந்தது. கடைசியில் கட்டில் கால் கழற்றப்பட்டு வண்டியேறியது. செப்புத் தவலையை நான் பரண்மேல் போடச் சொன்னேன். இவர் படகுக்காரர்களைத் தேடி மாஹிமுக்கு ஓடினார்.

காலியான அறையைப் பெருக்கி, பாயை விரித்து, வீணையை நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். குழந்தைகள் வந்தார்கள், பழையதும் புதியதுமாக. நெருக்கி உட்கார்ந்தால் இடம் சரியாக இருந்தது. கதவைச் சாத்தினேன். இத்தனை வருஷமும் நான் கதவில்லாமல் பாடம் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தந்தியை மீட்டினால் நாதம் அறைக்குள்ளேயே நின்றது. யாரும் குறுக்கே நடக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தைகள் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் இவர். என் வகுப்புக்குள் வர இந்த மனிதர் தட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"விரிஞ்சுடுத்து, ருக்கு," என்றார் மெதுவாக. "தட்டு அகலத்துக்கு."

"பாடம் முடியட்டும். வரேன்."

தலையை ஆட்டிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அன்றைக்குப் பாடத்தைக் கொஞ்சம் சீக்கிரமாகவே முடித்தேன்.