நெவில் படிக்காமல் என்டர் இல்லை

பதினோரு மாதம் காத்திருந்து வாங்கிய ஒரு மணி நேரம் அது. எங்கள் ஊர் ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே நிற்கிற ரேடியோ தொலைநோக்கி அன்று ஒன்று பத்திலிருந்து எனக்கு. இரண்டு பத்துக்கு என் நட்சத்திரம் அடிவானத்தில் இறங்கிவிடும். அதற்குள் பதிவாகாவிட்டால் எனக்கு அடுத்த முறை கிடைப்பது அடுத்த வருடம்தான். என் வேலையோ டிசம்பரோடு முடிகிறது.

அப்படிப்பட்ட நேரத்தில் கை சும்மா இருந்ததா? தொடங்கும் முன் நேற்றைய பதிவு எப்படி என்று பார்க்க, அந்தக் கோப்பை அப்படியே திரையில் கொட்டினேன். அது மனிதர் படிக்கிற கோப்பே அல்ல. அதில் கிடந்த ஏதோ குறியைக் கட்டளை என்று நினைத்து, நாங்கள் கட்டளை தட்டுகிற டெர்மினல் திரை தன் எழுத்தையே மாற்றிக்கொண்டது. அதன்பின் எதைத் தட்டினாலும் கோடு, மூலை, கட்டம். குடித்துவிட்டு வந்தவன் தரைக்கு ஓடு பதித்த மாதிரி. அந்த அறையில் வேறு திரையும் கிடையாது.

வைத்தியம் எனக்குத் தெரியும். திரையைப் பார்க்காமல் 'ரீசெட்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டரைத் தட்டினால் தெளிந்துவிடும். ஆனால் பக்கத்தில் ஆபரேட்டர் நெவில் ட்ரெகோனிங் இருந்தான். முன்பொரு முறை யாரோ கட்டளையில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட, தொலைநோக்கியின் தட்டு குனிந்து, கீழே நின்ற வண்டியின் கூரையை நசுக்கிவிட்டது. அன்றிலிருந்து விதி: ஒருவர் அடிக்க வேண்டும், இன்னொருவர் உரக்கப் படிக்க வேண்டும், அப்புறம்தான் என்டர். நசுங்கிய வண்டி நெவிலுடையது.

"கைய எடு. படிச்சிட்டுத்தான்."

"எதைப்பா படிப்பே? எல்லாம் கோடா வருதே!"

"கோடு போகட்டும், படிக்கிறேன்."

"கோடு போகணும்னா என்டர் தட்டணும், நெவ்!"

"தட்டணும்னா படிக்கணும்."

"சரி, ரீசெட்டே வேணாம். பதிவு தொடங்குற கட்டளைய நேரா அடிச்சிடுறேன். எனக்குத் தலைகீழாத் தெரியும்."

"என் வண்டிய நசுக்கினவனும் இதேதான் சொன்னான்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் நிதானமாக இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பண்டத்தைத் தின்றான். மணி ஒன்று நாற்பத்தைந்து.

"திரைய படிக்க முடியலன்னா என் விரலப் படிச்சுத் தொலையேன்!"

நெவில் மெல்லுவதை நிறுத்தினான். விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். எதைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று அதில் இல்லை. கையிலிருந்த சாஸைத் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டி, விசைப்பலகைக்குப் பக்கத்தில் மண்டியிட்டான்.

"ஒத்த விரல்ல அடி. ஆர்... ஈ... கட்டை விரல் மறைக்குது, தள்ளு... எஸ்... ஈ... டீ. சரி, தட்டு."

திரை பளிச்சென்று தெளிந்தது. ஒன்று ஐம்பது. பதிவுக் கட்டளையை அடித்தேன். நெவில் எழுந்து உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். பாதியில் நிறுத்தினான்.

"உன் நட்சத்திரம் நாப்பத்தேழு டிகிரியா, எழுபத்துநாலா?"

நாற்பத்தேழு. நான் அடித்திருந்தது எழுபத்துநாலு. அவன் விட்டிருந்தால் வெறும் வானத்தைப் பதிந்துகொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பேன்.

திருத்தினேன். முதலிலிருந்து படித்தான். தட்டினேன். பதினேழு நிமிடம் கிடைத்தது. எனக்கு அது போதும். அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"சரி, சரி," என்று முதுகில் தட்டினான். "கொஞ்சம் தள்ளி நின்னு அழு. முழங்கை விசைப்பலகைல படுது."